பாட்டு வேறு, பதிவு வேறு

மு. கருணாநிதி வசனம் எழுதி எஸ்.ஏ. சந்திரசேகர் இயக்கிய 'நீதிக்குத் தண்டனை' 1987-இல் வந்தது. அந்தப் படத்தில் பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே கண்ணம்மா' இடம்பெற்றது. அதற்கு எம்.எஸ். விஸ்வநாதன் புதிதாக மெட்டுப் போட்டாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஊரறிந்த மெட்டு ஒன்று கையருகிலேயே இருந்தது. 1951-இல் 'மணமகள்' படத்துக்காக சி.ஆர். சுப்பராமன் அமைத்து, எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடிய ராகமாலிகை அது. காபியில் தொடங்கி ராகம் ராகமாக மாறிச் செல்லும் அந்த அமைப்பு சினிமாவிலிருந்து கச்சேரி மேடை ஏறியது. துக்கடாக்களில் நிரந்தர இடம் பிடித்தது. நவராத்திரிக் கொலு, பள்ளி ஆண்டு விழா என்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கவிதை என்றாலே பெரும்பாலோர் காதில் ஒலிப்பது இன்றும் அந்த மெட்டுதான்.

விஸ்வநாதனுக்கு அது இன்னும் நெருக்கமான மெட்டு. சுப்பராமன் குழுவில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர் அவர். 1952-இல் சுப்பராமன் இளவயதிலேயே இறந்தபோது, பாதியில் நின்ற படங்களை டி.கே. ராமமூர்த்தியுடன் சேர்ந்து முடித்துக் கொடுத்தார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்படிப்பட்டவர், தன்னை வளர்த்தவர் புகழ்பெறச் செய்த பாட்டை எடுத்து, அந்த மெட்டின் நிழல்கூட விழாமல் வேறொன்று செய்தார். கே.ஜே. யேசுதாஸுடன் பாட, அதுவரை சினிமாவில் பாடியிராத ஒரு சிறுமியை அழைத்தார். சுவர்ணலதாவின் குரல் தமிழ்ச் சினிமாவுக்கு அறிமுகமானது அந்தப் பாட்டில்தான்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். வசந்தகுமாரியின் பதிவில் ராகம் மாறும் ஒவ்வொரு முறையும், குழந்தையை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துப் பூரிக்கும் பெருமிதம் தெரிகிறது. குரல் மேடைக் குரல். பிருகாக்கள் பொலபொலவென்று உதிர்கின்றன. 1987 பதிவில் அந்தப் பூரிப்பு அடங்கிவிடுகிறது. மெட்டு ஒரே மனநிலையில் தங்கி, தாலாட்டின் நடையில் போகிறது. சங்கீதம் பின்னால் நகர்ந்து சொல் முன்னால் வருகிறது. மகிழ்ச்சியோடு கேட்டுப் பழகிய அதே வரிகளுக்குள், பிள்ளையைப் பெற்றவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு கலக்கம் இருப்பது அப்போதுதான் காதில் விழுகிறது. அந்தக் கலக்கம் பாரதியின் வரிகளிலேயே இருந்ததுதான். முந்தைய மெட்டு அதன்மேல் வெளிச்சம் போடவில்லை, அவ்வளவே.

இதில் எது அசல்? 1951 பதிவு என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் 'கண்ணன் பாட்டு' தொகுப்பைப் புரட்டினால், இந்தப் பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று பாரதியாரே குறித்திருப்பதைக் காணலாம். ஸ்வரமும் எழுதியிருக்கிறார். ஆக, சுப்பராமன் செய்ததும் கவிஞர் கைப்பட எழுதிய அமைப்பிலிருந்து விலகியதுதான். நாம் அசல் என்று தலையில் வைத்துக் கொண்டாடுவதே ஒரு மறுஆக்கம்.

பழைய பாட்டைப் புதிதாகப் பாடுபவர்களை எடைபோடும்போது நம் ஊரில் கையில் எடுக்கும் தராசு பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரிஜினல் மாதிரி இருக்கிறதா, இல்லையா? தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் நடுவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும். அந்த இடத்தில் ஒரு சின்னச் சங்கதி விட்டுப்போச்சு, பதிவில் அந்தச் சொல்லை இப்படி இழுத்திருப்பார், சிரிப்பு இன்னும் கொஞ்சம் தள்ளி வரும் என்றெல்லாம் அளந்து சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை டி.எம். சௌந்தரராஜனின் கனத்தையும் எஸ். ஜானகியின் குழைவையும் அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டால் அரங்கமே எழுந்து நிற்கிறது. அந்தப் பிள்ளையின் திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திறமை எதில் செலவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு தலைமுறைக்கு, இன்னொருவர் எப்போதோ பாடிமுடித்ததைத் திரும்ப எடுத்துக் காட்டுவதே பாட்டு என்று நாம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தராசு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ரேடியோ மட்டுமே இருந்த காலத்தில், நினைத்த பாட்டை நினைத்த நேரத்தில் கேட்க வழியில்லை. இலங்கை வானொலியில் எப்போது போடுவார்கள் என்று காத்திருந்து கேட்ட பாட்டை, ஊர்த் திருவிழாவில் மெல்லிசைக் குழு வந்து வாசித்தால்தான் மறுபடி கேட்க முடியும். கூட்டம் குழுவிடம் எதிர்பார்த்தது ரெக்கார்டைத்தான். பெரிய ஆர்கெஸ்ட்ரா வாசித்த பாட்டை ஒரு அக்கார்டியன், ஒரு கிட்டார், பாங்கோஸ், இரண்டு பாடகர்களை வைத்துக்கொண்டு கண்மூடிக் கேட்டால் ரெக்கார்டு போலவே ஒலிக்கச் செய்தது அந்தக் கலைஞர்களின் மகத்தான கைத்திறன். 'ரெக்கார்டு மாதிரியே இருந்துச்சு' என்பது அன்றைக்கு நியாயமான பாராட்டு. அவர்கள் இல்லையென்றால் அந்தப் பாட்டு அந்த ஊருக்கு வந்திருக்காது. இன்று அசல் பதிவு எல்லோர் செல்போனிலும் இருக்கிறது. அதன் நகலுக்கு இருந்த தேவை போய்விட்டது. பாராட்டு மட்டும் பழையபடியே தொடர்கிறது.

கர்நாடக சங்கீத மேடையில் இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். 'நகுமோமு' கீர்த்தனை முசிறி சுப்பிரமணிய ஐயரின் இசைத்தட்டால் ஊரெங்கும் பரவியது. அதற்குப் பிறகு அதைப் பாடிய எவரையும் முசிறியின் பாட்டை நகலெடுத்தார் என்று சொன்னதில்லை. முசிறி மாதிரி இல்லையே என்று ஒதுக்கியதும் இல்லை. அங்கே கேட்கப்படுவது வேறு. பாடாந்தரம் சுத்தமா? காலப்பிரமாணம் கீர்த்தனைக்கு ஏற்றதா? சாகித்தியத்தைப் பொருள் சிதையாமல் பிரித்திருக்கிறாரா? இத்தனைக்கும் மேல் இவருடைய மனோதர்மம் எங்கே? கட்டுப்பாடு, சுதந்திரம் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கும் அளவுகோல் இது. அதை வகுத்த அதே ஊர்தான், சினிமாப் பாட்டு என்று வந்தவுடன் நகலுக்கு மார்க் போட ஆரம்பித்துவிடுகிறது.

பதிவு என்பதும் கல்வெட்டு இல்லை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களோடு முடிந்துவிடும். அரைமணி நேரம் விரித்துப் பாடியவர்கள் அந்த அளவுக்குள் சுருக்கிப் பாடினார்கள். நிரவல், கற்பனை ஸ்வரமெல்லாம் தட்டு போதாமல் வெட்டுப்பட்டன. பழைய சினிமாப் பாட்டுகளில் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒன்றாக இருந்து ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வர வேண்டும். அன்றைக்குத் தொண்டை இருந்த நிலை, மைக் வைத்த தூரம், படத்தில் அந்தக் காட்சிக்கு ஒதுக்கிய நிமிடம் எல்லாம் சேர்ந்துதான் நாம் அசைக்க முடியாதது என்று நினைக்கும் பதிவாகியிருக்கிறது.

முதலில் எது காதில் விழுந்ததோ அதுவே அசலாகிவிடுகிற வேடிக்கையும் உண்டு. பாலு மகேந்திராவின் 'ஓளங்கள்' மலையாளப் படத்தில் ஜானகி பாடிய 'தும்பி வா'வும், தமிழில் 'ஆட்டோ ராஜா'வின் 'சங்கத்தில் பாடாத கவிதை'யும் இளையராஜாவின் ஒரே மெட்டு. இரண்டும் வந்தது 1982-இல். 2009-இல் இந்தி 'பா' படத்திலும் அது திரும்ப வந்தது. கேரளத்துக்காரருக்கு ஒன்று அசல், நமக்கு ஒன்று, அந்த இந்திப் படத்தோடு வளர்ந்த பிள்ளைக்கு இன்னொன்று. அவரவர் சின்ன வயது அவரவர் பதிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பற்று மதிக்கத்தக்கது. ஆனால் அதை வைத்து இன்னொரு பாடகரின் வேலைக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

மறுஆக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அமெரிக்க இசையில் தெளிவான உதாரணங்கள் உண்டு. 'ரெஸ்பெக்ட்' பாட்டை ஓடிஸ் ரெடிங் 1965-இல் எழுதிப் பாடினார். வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண் தனக்கு மரியாதை கேட்கும் பாட்டு அது. அரீதா ஃபிராங்க்ளின் 1967-இல் அதை எடுத்துப் பெண்ணின் குரலாக்கினார். தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடத்தைப் புதிதாகச் சேர்த்தார். தன் சகோதரிகளைப் பின்னணி பாட வைத்தார். கேட்கிற ஆள் மாறியதும் பாட்டின் பொருளே மாறிவிட்டது. பெண்ணுரிமை இயக்கமும் கறுப்பின மக்களும் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் என் பாட்டைக் கொண்டுபோய்விட்டாள் என்று ரெடிங்கே அதே ஆண்டு மான்டெரி மேடையில் சொல்லிச் சிரித்தார்.

ஜானி கேஷ் விஷயம் இன்னும் கனமானது. 'நைன் இன்ச் நெய்ல்ஸ்' குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் 'ஹர்ட்' பாட்டை 1994-இல் வெளியிட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தன்னையே வெறுக்கும் ஓர் இளைஞனின் புலம்பல் அது. இரைச்சலும் கரகரப்பும் அதன் பகுதி. 2002-இல் எழுபது வயது கேஷ், உடல்நலம் குன்றிய நிலையில், கிட்டாரையும் பியானோவையும் முதன்மையாக வைத்து அதைப் பாடினார். ஒரு கொச்சைச் சொல்லை மட்டும் மாற்றினார். மெட்டு அதே மெட்டு. ஆனால் இளைஞன் வாயில் விரக்தியாக இருந்த வரிகள் முதியவர் வாயில் வாழ்நாள் கணக்கெடுப்பாகிவிட்டன. குரல் நடுங்குகிறது, சில இடங்களில் மூச்சு தேய்கிறது. பதிவோடு ஒப்பிட்டு மார்க் போடும் நடுவர் அந்த நடுக்கத்துக்காகத்தான் முதலில் மார்க்கைக் குறைப்பார். எழுதிய ரெஸ்னரோ, இது இனி என்னுடைய பாட்டு இல்லை என்று ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு கேஷ் இறந்துபோனார்.

இதையெல்லாம் வைத்து, எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று முடிவுகட்டினால் அதுவும் தவறு. நம் சினிமாப் பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. இளையராஜா இசைக்குறிப்பாக எழுதிக்கொடுக்கும் பாட்டில் பேஸ் கிட்டார் போகும் வழியும் வயலின்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் இடைப்பகுதியும் அலங்காரம் அல்ல. அவையும் பாட்டின் உடம்பு. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் வருவதற்கு முன்பே அந்தக் கிட்டார் பாட்டைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டு, மெட்டை மட்டும் பாடிவிட்டேன் என்றால் பாதிப் பாட்டைத்தான் பாடியிருக்கிறார் என்று பொருள். வேறு வாத்தியத்தில் வாசிக்கலாம், வேறு விதமாக யோசிக்கலாம். ஆனால் அந்த இடத்துக்கு ஏதாவது ஒரு பதில் வேண்டும். அதே சமயம் எஸ்.பி.பி. குரலில் அன்றைக்கு இருந்த இளமை அந்தப் பதிவுக்குச் சொந்தமானது. அதை நகலெடுக்க முயல்பவர் எவரானாலும் தோற்றுத்தான் போவார்.

ஆகவே மார்க் போடுகிறவரின் முதல் வேலை, பாட்டுக்கு உரியது எது, அந்த ஒரு நாளின் பதிவுக்கு உரியது எது என்று பிரித்துப் பார்ப்பது. இது கடினமான வேலை. பாட்டுக்குப் பாட்டு விடை மாறும். இளையராஜா மேடையில், எழுதியது பிசகினால் பாட்டை நிறுத்தி மறுபடி தொடங்கச் சொல்பவர். எஸ்.பி.பி.யோ தன்னுடைய பாட்டையே மேடைக்கு மேடை மாற்றிப் பாடியவர். புதுச் சங்கதி போடுவார், சிரிப்பை இடம் மாற்றுவார், கூடப் பாடுபவரைச் சீண்டுவார். இருவர் செய்ததும் சரி. ஒருவர் பாட்டைக் காத்தார். மற்றவர் அதைப் பதிவுக்குள் உறைந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்.

இந்தப் பிரித்தறிதல் இல்லாததால்தான் இப்போது யூடியூபில் குவியும் கவர் பாட்டுகளில் பெரும்பகுதி சலிப்பூட்டுகிறது. 'முன்பே வா' என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது. பெரும்பாலானவற்றில் செய்திருப்பது ஒன்றே: வேகத்தைக் குறைத்து, ஒரு கிட்டாரை வருடிக்கொண்டு, குரலில் எதிரொலியைக் கூட்டி, சொல்லுக்குச் சொல் மூச்சுக்காற்றைக் கலந்து பாடுவது. மாற்றம் என்று பார்த்தால் மாற்றம்தான். ஆனால் ஏன் மெதுவாக? அந்த வரி மெதுவாகச் சொன்னால் கூடுதலாக எதைச் சொல்கிறது? வல்லின ஒற்றை விழுங்கி, ழகரத்தைக் கரைத்து, வாக்கியத்தைப் பொருளுக்கு நடுவே உடைத்துப் பாடும்போது, பாடுகிறவர் வரியைப் படித்துப் பார்க்கவே இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. அச்சு நகல் எடுப்பவராவது பாட்டை உன்னிப்பாகக் கேட்டிருக்கிறார். இவர்கள் அதையும் செய்யவில்லை.

சினிமா ரீமிக்ஸ் அலையின் குறையும் இதுவே. இளையராஜாவின் 'ஆசை நூறு வகை'யை 2003-இல் 'குறும்பு' படத்துக்காக மகன் யுவன் சங்கர் ராஜா ரீமிக்ஸ் செய்ததை அலையின் தொடக்கமாகச் சொல்வார்கள். 2007-இல் 'சொர்க்கம்' படத்தின் 'பொன்மகள் வந்தாள்' ஏ.ஆர். ரகுமான் கையில் 'அழகிய தமிழ் மக'னுக்குப் போனது. தாளம் இறுகி, ராப் சேர்ந்து வந்தது. இது பழைய பாட்டைக் கெடுத்துவிட்டது என்று அன்று எழுந்த கூச்சல் அர்த்தமற்றது, டி.எம்.எஸ். பதிவுக்கு ஒரு கீறலும் விழவில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எம்.எஸ்.வி.யின் அந்தப் பாட்டு 1970-லேயே துள்ளிக்கொண்டிருந்த பாட்டு. அதற்கு இல்லாதது தாளம் அல்ல. இன்னும் நாலு டிரம் அடியைச் சேர்த்ததால் பாட்டுக்குள்ளிருந்து புதிதாக எதுவும் வெளியே வரவில்லை. மெட்டையே மாற்றும் துணிச்சலுள்ள ரகுமான் போன்ற ஒருவர் அதைவிடத் தூரம் போயிருக்க வேண்டும்.

சட்டமும் நகலின் பக்கமே சாய்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 31-சி, கவர் பதிவுகளுக்கென்றே எழுதப்பட்டது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்பும் உரிமைத் தொகையும் தர வேண்டும். குறைந்தது 50,000 பிரதிகளுக்கான தொகை. அட்டையில் இது கவர் பதிவு என்று போட வேண்டும். பழைய பாடகர் பெயரோ படமோ இருக்கக் கூடாது. இதெல்லாம் நியாயம்தான். இடிப்பது ஒரு நிபந்தனை: தொழில்நுட்ப ரீதியாகத் தவிர்க்க முடியாதது தவிர, உரிமையாளர் ஏற்காத எந்த மாற்றத்தையும் பாட்டில் செய்யக் கூடாது. அதாவது அப்படியே பாடினால் சட்டமே உரிமம் தரும். யோசித்துப் பாடினால் உரிமையாளரிடம் கைகட்டி நிற்க வேண்டும். பாரதி பாடல்களுக்கு இந்தத் தடை இல்லை. ஏவி.எம். வசம் இருந்த இசைத்தட்டு உரிமை உட்பட அவருடைய படைப்புகளின் உரிமைகளை 1949-இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பிறகு பொதுச்சொத்தாக்கியதால், எந்த இசையமைப்பாளரும் யாரிடமும் கேட்காமல் அவருடைய வரிகளுக்குத் தன் மெட்டைப் போடலாம்.

வாழும் இசையமைப்பாளர்களின் உரிமையை அப்படிப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது. ஆனால் உரிமை வைத்திருக்கும் இசை நிறுவனங்கள், மறுஆக்கத்துக்கு எளிய, கட்டுப்படியாகும் கட்டணத்தில் அனுமதி தர முன்வரலாம். பாடுகிறவர்கள் தங்கள் பங்குக்கு, எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் ஒழுங்காகப் போடப் பழக வேண்டும். கதாநாயகன் பெயர் இருக்கிறது, பாடலாசிரியர் பெயர் இல்லை என்ற அலட்சியம் இன்று சர்வசாதாரணம். தொலைக்காட்சிக்காரர்கள், பழைய பாட்டைத் தன் குரலுக்கும் வயதுக்கும் ஏற்பப் புதிதாக அமைத்து வரும் சுற்றை அபூர்வ விருந்தாக வைக்காமல் வாராவாரம் வைக்கட்டும். மேடைக்கு வரும் பிள்ளையிடம், இந்த இடத்தை ஏன் மாற்றினாய் என்று நடுவர் கேட்கட்டும். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, பதிவில் இருந்த சங்கதி ஒன்று விட்டுப்போயிருந்தாலும், முழு மார்க் கொடுக்கட்டும்.